தண்ணீர் கொட்டி வாழ்த்தும் நாடு!

தெருவில் நடந்து போகிறீர்கள். முன்பின் தெரியாத ஒரு சிறுவன் ஓடி வருகிறான். ஒரு வாளித் தண்ணீரை உங்கள் மேல் கொட்டுகிறான்!

சட்டை நனைந்துவிட்டது. தலை நனைந்துவிட்டது. சிறுவனோ கைகூப்பிச் சிரிக்கிறான்.

வேறு நாளாக இருந்தால் கோபம் வரும். ஆனால் ஏப்ரல் மாதம் 13-ந்தேதி தாய்லாந்து நாட்டில் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஏனென்றால், அவன் உங்களை வாழ்த்துகிறான்!

ஆம்! அன்று அவர்களுக்குப் புத்தாண்டு. அதன் பெயர் "சொங்கிரான்". அன்றைக்குத் தண்ணீர்தான் வாழ்த்து, தண்ணீர்தான் ஆசீர்வாதம்!

இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிகிறார்கள். நம் ஊர்க்காரர்களும் போகிறார்கள். சென்னையில் விமானம் ஏறினால் சுமார் 3½ மணி நேரத்தில் பாங்காக் நகரில் இறங்கிவிடலாம்.

ஆனால் அங்கே போகிறவர்களில் பலர் பாதித் திருவிழாவைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தெருவில் கொட்டும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளே, கோவிலுக்குள்ளே ஊற்றும் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

உண்மையான திருவிழா அங்கேதான் இருக்கிறது!

நம் சித்திரையும் அவர்கள் சொங்கிரானும்

முன்பு "சயாம்" என்று அழைக்கப்பட்ட நாடுதான் தாய்லாந்து. 1939-ம் ஆண்டில் அதன் பெயர் தாய்லாந்து என்று மாறியது.

"சொங்கிரான்" என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? "சங்கராந்தி" என்ற வடமொழிச் சொல்தான் அங்கே "சொங்கிரான்" ஆகிவிட்டது!

சூரியன் ஒரு ராசியிலிருந்து இன்னொரு ராசிக்குப் போவது சங்கராந்தி. தை மாதத்தில் வருவது மகர சங்கராந்தி. சித்திரை பிறக்கும்போது சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிறது. அந்த மேஷ சங்கராந்திதான் தாய்லாந்துக்காரர்களின் சொங்கிரான்.

நாம் ஏப்ரல் 14-ந்தேதியை ஒட்டிச் சித்திரை முதல் நாளைக் கொண்டாடுகிறோம். அவர்கள் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களும் கொண்டாடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பர்மா, லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலும் இதே நாட்களில்தான் புத்தாண்டு. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் புத்தாண்டு கொண்டாடுவதும் இதே சமயத்தில்தான்.

அப்படியானால் தாய்லாந்தில் ஜனவரி 1-ந்தேதி புத்தாண்டு இல்லையா? உண்டு!

1889-ம் ஆண்டில் மன்னர் சூலாலங்கோர்ன், ஏப்ரல் 1-ந்தேதியைப் புத்தாண்டாக்கினார். 1941-ம் ஆண்டிலிருந்து அது ஜனவரி 1-ந்தேதிக்கு மாறியது. இந்த மாறுதலுக்காக 1940-ம் ஆண்டை ஒன்பதே மாதங்களில் முடித்துவிட்டார்கள்!

ஆண்டுக்கணக்கு மட்டும் இன்றும் புத்தர் பெயரால்தான் நடக்கிறது. நமது கணக்கோடு 543-ஐக் கூட்டிக்கொள்ளவேண்டும். நமக்கு 2024 என்றால் அவர்களுக்கு 2567!

அரசாங்கம் தேதியை மாற்றியது. ஆனால் மக்கள் சொங்கிரானை விடவில்லை. அலுவலகத்துக்கு ஒரு புத்தாண்டு. அம்மாவுக்கு ஒரு புத்தாண்டு என்று வைத்துக்கொண்டார்கள்!

பிரம்மா தலை இழந்த கதை

சொங்கிரானுக்கு ஒரு கதை உண்டு. பாங்காக் நகரில் "வாட் போ" என்ற புகழ்பெற்ற புத்தர் கோவிலில் அந்தக் கதையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தாய்லாந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு பணக்காரருக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. மரத்தில் குடியிருந்த தெய்வத்தை வேண்டி ஒரு மகனைப் பெற்றார். அவன் பெயர் தர்மபால குமாரன். சிறு வயதிலேயே பெரிய அறிவாளி. பறவைகள் பேசும் பாஷைகூட அவனுக்குத் தெரியும்!

அவன் புகழைக் கேட்டு, கபில பிரம்மா மூன்று கேள்விகளோடு வந்தார்.

"மனிதனுடைய சிறப்பு காலையில் எங்கே இருக்கிறது? நடுப்பகலில் எங்கே இருக்கிறது? இரவில் எங்கே இருக்கிறது? ஏழு நாளில் பதில் சொல். சொல்லாவிட்டால் உன் தலையை எடுப்பேன். சொல்லிவிட்டால் என் தலையைத் தருவேன்" என்றார்.

ஆறு நாட்கள் ஓடிவிட்டன. பதில் தெரியவில்லை. மறுநாள் தலை போகப்போகிறது! குமாரன் ஒரு பனைமரத்தடியில் போய்ப் படுத்தான்.

மரத்தின் மேல் இரண்டு கழுகுகள் கூடு கட்டியிருந்தன. "நாளைக்கு நமக்குச் சாப்பாடு என்ன?" என்று பெண் கழுகு கேட்டது.

"தர்மபால குமாரனின் உடல்தான்! அவனுக்குப் பதில் தெரியாது" என்றது ஆண் கழுகு.

"பதில் என்னவாம்?" என்று கேட்டது பெண் கழுகு.

"காலையில் சிறப்பு முகத்தில் இருக்கிறது. அதனால்தான் மனிதர்கள் முகம் கழுவுகிறார்கள். நடுப்பகலில் மார்பில் இருக்கிறது. அதனால்தான் மார்பில் வாசனை பூசுகிறார்கள். இரவில் காலில் இருக்கிறது. அதனால்தான் கால் கழுவிவிட்டுப் படுக்கிறார்கள்."

கீழே படுத்திருந்த குமாரன் துள்ளி எழுந்தான்! மறுநாள் பதிலைச் சொன்னான். கபில பிரம்மா தோற்றார். சொன்ன சொல் தவறாமல் தலையைத் தந்தார்.

ஆனால் அந்தத் தலை சாதாரணத் தலை அல்ல. பூமியில் வைத்தால் உலகம் தீப்பற்றி எரியும். ஆகாயத்தில் எறிந்தால் மழை நின்றுவிடும். கடலில் போட்டால் கடல் வற்றிவிடும்!

பிரம்மாவுக்கு ஏழு பெண்கள். அவர்கள் தந்தையின் தலையைத் தட்டில் ஏந்தி மேரு மலையைச் சுற்றி வந்து, ஒரு குகையில் வைத்தார்கள். ஒவ்வொரு சொங்கிரானுக்கும் ஒரு மகள் அந்தத் தலையை எடுத்து ஊர்வலம் வருகிறாள் என்பது கதை.

ஏழு பெண்களும் வாரத்தின் ஏழு நாட்களுக்கு உரியவர்கள். சொங்கிரான் எந்தக் கிழமையில் பிறக்கிறதோ, அந்தக் கிழமைக்குரிய பெண்தான் அந்த ஆண்டுக்கு ராணி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் கருடன் மேல் வருவாள். திங்கள் என்றால் புலி. செவ்வாய் என்றால் பன்றி. புதன் என்றால் கழுதை. வியாழன் என்றால் யானை. வெள்ளி என்றால் எருமை. சனி என்றால் மயில்!

திருவிழா ஊர்வலத்தில் அலங்கார வண்டியின் மேல் ஓர் அழகி அமர்ந்து வருவதைப் பார்க்கலாம். அவள்தான் அந்த ஆண்டின் "நாங் சொங்கிரான்". அவள் ஏறி வரும் வாகனத்தைப் பார்த்தே என்ன கிழமை என்று சொல்லிவிடலாம்!

வீட்டுக்குள் நடப்பது என்ன?

இனி, உல்லாசப் பிரயாணிகள் பலர் பார்க்காத பகுதிக்கு வருவோம்.

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு "ஈசான்" என்று பெயர். நாம் சொல்லும் ஈசானிய மூலைதான்! அந்தப் பகுதியிலிருந்து ஏராளமான ஆண்களும் பெண்களும் பாங்காக் நகருக்கு வந்து வேலை செய்கிறார்கள். டாக்சி ஓட்டுகிறார்கள். கட்டடம் கட்டுகிறார்கள். ஓட்டல்களில் உழைக்கிறார்கள்.

சொங்கிரான் வந்துவிட்டால் அவர்களைப் பாங்காக்கில் பிடித்து வைக்க முடியாது. பஸ்சிலும் ரெயிலிலும் மோட்டார் சைக்கிளிலும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தீபாவளிக்குச் சென்னை காலியாவதைப் போல பாங்காக் காலியாகிவிடும்.

எதற்காகப் போகிறார்கள்? தாய் தந்தையர் கையில் தண்ணீர் ஊற்றுவதற்காக!

முதலில் வீட்டைக் கழுவுகிறார்கள். புத்தர் சிலையை எடுத்து, வாசனைத் தண்ணீரால் நீராட்டுகிறார்கள். பிறகு தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லோரையும் வரிசையாக உட்கார வைக்கிறார்கள்.

பிள்ளைகள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் எடுக்கிறார்கள். அதில் மல்லிகைப் பூவும் வாசனையும் கலந்திருக்கும். மண்டியிட்டு, பெரியவர்களின் உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறார்கள்.

"ஆண்டு முழுவதும் நான் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று கேட்கிறார்கள்.

பெரியவர்கள் மன்னித்து ஆசீர்வாதம் செய்கிறார்கள். பிள்ளைகள் புதுத்துணி கொடுக்கிறார்கள். வயதான கண்களில் நீர் வருகிறது. ஊற்றிய நீரைவிட அந்த நீர் பெரியது!

தாய்லாந்து அரசாங்கமும் இதைப் போற்றுகிறது. ஏப்ரல் 13-ந்தேதி அங்கே முதியோர் தினம். 14-ந்தேதி குடும்ப தினம்.

சீயக்காய்த் தண்ணீர்!

நாட்டின் வட பகுதியில் இந்தச் சடங்குக்கு "தாம் ஹுவா" என்று பெயர். "தலை கழுவுதல்" என்று பொருள்.

அந்தத் தண்ணீரில் "சோம் போய்" என்ற ஒரு காயைப் போடுகிறார்கள். அது தீமையைப் போக்கும் என்பது நம்பிக்கை. அது என்ன காய் என்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டுச் சீயக்காய்தான்! நாம் தலை முழுகுவதற்கு அரைக்கும் அதே காய், அங்கே புத்தாண்டுக்குப் பெரியவர்களை வணங்கும் நீரில் மிதக்கிறது.

ஒரு பிடி மணல்

கோவிலில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு. மக்கள் ஆற்று மணலைப் பாத்திரத்தில் கொண்டுவந்து, கோவில் முற்றத்தில் சிறு சிறு கோபுரங்களாகக் கட்டுகிறார்கள். அவற்றின் மேல் வண்ணக் காகிதக் கொடிகளைச் செருகுகிறார்கள்.

ஏன் தெரியுமா? ஆண்டு முழுவதும் கோவிலுக்கு வந்து போகிறவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு கோவில் மணல் வெளியே போய்விடுகிறதாம். கோவில் சொத்தில் ஒரு மணலைக்கூட எடுக்கக்கூடாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்!

இப்படிப்பட்ட வழக்கங்களுக்காகத்தான் 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோ நிறுவனம், மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சொங்கிரானைச் சேர்த்தது.

பாங்காக்கில் எங்கே பார்க்கலாம்?

தண்ணீர் விளையாட்டுக்குப் பேர்போன இடங்கள் இரண்டு. ஒன்று, சீலோம் சாலை. மற்றொன்று, காவ் சான் சாலை.

சீலோம் அகலமான சாலை. அன்று அங்கே தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி! பெரியவர், சிறியவர், வெள்ளைக்காரர், உள்ளூர்க்காரர் என்ற வித்தியாசமே கிடையாது. மேம்பால ரெயிலில் "சாலா டேங்" நிலையத்தில் இறங்கினால் சாலைக்கே வந்துவிடலாம்.

இதே சீலோம் சாலையில்தான் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோவில் அது. இன்று தாய்லாந்து மக்களே அங்கே மாலை வாங்கி வந்து வணங்குகிறார்கள். நம்மவர்கள் தவறாமல் பார்க்கவேண்டிய இடம்.

காவ் சான் குறுகிய தெரு. இளைஞர் கூட்டமும் பாட்டுச் சத்தமும் காதைப் பிளக்கும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே போகாமல் இருப்பது நல்லது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம் கோவில்கள்தான். அரண்மனைக்கு அருகே "சனாம் லுவாங்" என்ற பெரிய மைதானம் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள "பிர புத்த சிகிங்" என்ற புகழ்பெற்ற புத்தர் சிலையை, மக்கள் நீராட்டி வணங்குவதற்காகச் சொங்கிரான் சமயத்தில் வெளியே கொண்டுவருவது வழக்கம். அந்தச் சிலை இலங்கையில் செய்யப்பட்டது என்று பழங்கதை சொல்கிறது.

வெளிநாட்டார் வணங்கக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. வரிசையில் நின்று நீங்களும் ஊற்றலாம். ஆனால் ஒன்று: சிலையின் தலையில் ஊற்றக்கூடாது. தோளிலும் உடலிலும் மெதுவாக ஊற்றவேண்டும்.

சியாங் மாய் நகரின் சிறப்பு

பாங்காக்குக்கு வடக்கே சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, சியாங் மாய். 1296-ம் ஆண்டில் உண்டான பழைய நகரம். பழைய ஊரைச் சுற்றி நான்கு புறமும் அகழி. அகழி நிறையத் தண்ணீர்!

பிறகு கேட்கவேண்டுமா? அகழிக்கரை முழுவதும் மக்கள் வாளியோடு நிற்பார்கள். மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். "தா பே" என்ற கோட்டை வாசலில்தான் பெருங்கூட்டம்.

இங்கே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முறை உண்டு.

13-ந்தேதி பழைய ஆண்டு போகும் நாள். விடியும்போதே வெடி வெடித்துப் பழைய ஆண்டை விரட்டுகிறார்கள். வீடு வாசலைக் கூட்டிக் கழுவுகிறார்கள். "வாட் பிர சிங்" கோவிலின் புத்தர் சிலை ஊர்வலமாக வருகிறது. வழியெல்லாம் மக்கள் அதன் மேல் நறுமணத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள்.

14-ந்தேதி கோவிலுக்கு மணல் சுமக்கும் நாள். அன்று யாரையும் திட்டக்கூடாது. திட்டினால் ஆண்டு முழுவதும் கெடுதல் என்பது நம்பிக்கை.

15-ந்தேதி புத்தாண்டின் பெரிய நாள். காலையில் கோவிலில் தானம். பிறகு பெரியவர்களைத் தேடிப் போய்ச் சீயக்காய்த் தண்ணீர் ஊற்றி வணங்குவது.

ஓர் எச்சரிக்கை: மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட்டிலும் வயலிலும் வைக்கும் தீயினால் வட தாய்லாந்தில் புகை சூழ்வது உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மூன்று நாட்களைத் தவற விட்டவர்களும் கவலைப்படவேண்டாம். பட்டயா நகரில் சில நாட்கள் கழித்துத்தான் பெரிய விளையாட்டு நடக்கும். பாங்காக்குக்கு அருகே உள்ள "பிர பிரடேங்" என்ற ஊரில் மோன் இன மக்கள் அடுத்த வாரத்தில் கொண்டாடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றவும் முறை உண்டு!

தண்ணீர் விளையாட்டு என்றால் எதுவும் செய்யலாம் என்று நினைக்கக்கூடாது.

புத்த பிட்சுகள் மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது. கைக்குழந்தைகள் மேலும் முதியவர்கள் மேலும் அடிக்கக்கூடாது. பெரியவர்களுக்கு ஊற்ற விரும்பினால், அனுமதி கேட்டு, கையிலோ தோளிலோ சிறிது ஊற்றலாம்.

அழுக்குத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கூடாது. கண்ணைப் பார்த்துத் துப்பாக்கியைப் பீய்ச்சக்கூடாது.

கன்னத்தில் வெள்ளைக் களிமண் குழம்பைப் பூசுவது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் அதைத் தடுத்திருக்கிறார்கள். பூசுகிற சாக்கில் பெண்களிடம் தவறாக நடப்பது குற்றம். அப்படி நேர்ந்தால் கூச்சப்படாமல் சுற்றுலாப் போலீசாரை அழைக்கவேண்டும். அவர்களுடைய டெலிபோன் எண்: 1155.

தாய்லாந்தில் பிறர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. சிறு குழந்தை ஆனாலும் தலையில் தட்டக்கூடாது. கோவிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். நனைந்து ஒட்டும் துணியோடு கோவிலுக்குப் போகாதீர்கள். மாற்று உடை எடுத்துச் செல்லுங்கள்.

செல்போனையும் பணத்தையும் வைத்துக்கொள்ள, கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பைகளைத் தெருவெங்கும் விற்கிறார்கள். முதல் வேலையாக ஒன்று வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையிலேயே பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.

"இவ்வளவு தண்ணீரையும் வீணாக்கலாமா?" என்று நம் பெண்மணிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2016-ம் ஆண்டில் அங்கே கடும் வறட்சி. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும்படி அரசாங்கமே மக்களைக் கேட்டுக்கொண்டது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா காரணமாகத் தெருவில் தண்ணீர் விளையாட்டே இல்லை. ஆனாலும் திருவிழா நிற்கவில்லை. வீட்டில் ஒரு கிண்ணம் தண்ணீரோடு நடந்தது. ஒரு கிண்ணமே போதும் என்பதுதான் உண்மை!

ஏழு அபாய நாட்கள்

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

சொங்கிரானை ஒட்டிய ஒரு வாரத்துக்குத் தாய்லாந்தில் இன்னொரு பெயர் உண்டு. "ஏழு அபாய நாட்கள்"!

காரணம், சாலை விபத்துகள். 2024-ம் ஆண்டு ஏப்ரல் 11 முதல் 17 வரை ஏழே நாட்களில் 287 பேர் உயிரிழந்தார்கள். சுமார் 2 ஆயிரம் பேர் காயம் அடைந்தார்கள்.

வேகமும் குடியும்தான் முக்கியக் காரணங்கள். விபத்தில் சிக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள்கள்.

ஆண்டுதோறும் அரசாங்கம் எச்சரிக்கிறது. போலீசார் வழியெங்கும் நின்று சோதனை போடுகிறார்கள். அப்படியும் விபத்து நின்றபாடில்லை.

பெற்றோர் கையில் தண்ணீர் ஊற்றுவதற்காக ஊருக்குப் போகும் நாட்கள் அல்லவா அவை? கிண்ணத்தில் மல்லிகையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்க்கு, மகன் வரவில்லை என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்? இதைவிடப் பெரிய கொடுமை உண்டா?

ஆகவே, போகிறவர்களுக்கு மூன்று சொற்கள்.

ஒன்று: ஓடுகிற மோட்டார் சைக்கிள் மேல் ஒரு துளித் தண்ணீர்கூட அடிக்காதீர்கள். நீங்கள் விளையாட்டாக அடிப்பீர்கள். ஓட்டுகிறவருக்குக் கண் மறைந்துவிடும். ஒரு குடும்பமே அழும்.

இரண்டு: அந்த வாரத்தில் நீங்கள் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்காதீர்கள். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டினால் இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம். நகருக்குள் ரெயிலிலும் படகிலும் போங்கள்.

மூன்று: குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள். நண்பர் ஆனாலும் சரி!

பழைய சோற்றுக்குப் பங்காளி

ஏப்ரல் மாதம் தாய்லாந்தில் கொடும் கோடை. வட பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலுக்கென்றே ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் "காவ் சே".

மல்லிகை வாசனை ஏறிய குளிர்ந்த தண்ணீரில் சோற்றைப் போட்டு, தொட்டுக்கொள்ளப் பல பதார்த்தங்களோடு சாப்பிடுகிறார்கள். சொங்கிரானுக்கு மோன் இன மக்கள் செய்து வந்த இந்த உணவு, பிறகு அரண்மனைக்கும் போனது. நம் வீட்டுப் பழைய சோற்றுக்குப் பங்காளி என்றே சொல்லலாம்!

அது மாம்பழக் காலமும்கூட. ஒட்டும் அரிசிச் சோறு, தேங்காய்ப்பால், மாம்பழம் மூன்றையும் சேர்த்துத் தருவார்கள். குழந்தைகள் விடமாட்டார்கள்!

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். "ஜே" என்றால் மாமிசமும் மீனும் முட்டையும் சேராத உணவு. வெறும் காய்கறி என்று கேட்டால் போதாது. மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். "ஜே" என்று கேளுங்கள்.

புறப்படும் முன்

பஸ், ரெயில், ஓட்டல் எல்லாம் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு இரவு ரெயில் உண்டு. கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது.

அந்த மூன்று நாட்களும் அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. சிறு கடைகள் பல மூடியிருக்கும். மருந்து மாத்திரைகளைக் கையோடு கொண்டு போங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

அங்கே நேரம் நம்மைவிட 1½ மணி முந்தியது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாழ்த்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கைகளைக் கூப்பி, "சவட்டி பீ மை" என்று சொல்லவேண்டும். "புத்தாண்டு வாழ்த்து" என்று பொருள். "சவட்டி" என்பதும் "ஸ்வஸ்தி" என்ற வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். கை கூப்புவதை நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை!

மூன்று நாட்களில் ஒரு நாள் தெருவில் விளையாடுங்கள். குழந்தைகளோடு சேர்ந்து நனையுங்கள். ஆனால் ஒரு காலைப்பொழுதையாவது கோவிலுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். ஒரு கிழவியின் நடுங்கும் உள்ளங்கையில் பேரப்பிள்ளைகள் மல்லிகைத் தண்ணீர் ஊற்றுவதை அமைதியாக நின்று பாருங்கள்.

பயணம் போக வசதி இல்லாதவர்களும் வருந்தவேண்டாம். அவர்கள் புத்தாண்டு பிறக்கும்போதுதான் நம் சித்திரையும் பிறக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிண்ணம் தண்ணீரும் நான்கு மல்லிகையும் இருக்கின்றன.

"ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பதற்கு விமான டிக்கெட் தேவை இல்லை!